கையும் கண்ணும்: கலை மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஓவியம், சிற்பம், வடிவமைப்பு, கலை வரலாறு படிப்பவர்களும் படிக்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறேன். ஸ்டூடியோ ஆர்ட், டிசைன், கலை வரலாறு என்று மூன்று வழி இருக்கிறது. எனக்கு ஓரளவு வரைய வரும். எதில் சேருவது?

பதில்: வரையத் தெரிந்திருப்பது மூன்றுக்கும் உதவும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வேலைக்கான கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஸ்டூடியோவில் கேள்வியையும் நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருடம் ஆசிரியர் பயிற்சிகள் கொடுப்பார். கடைசி வருடம் வெறும் சுவர்தான் கிடைக்கும். டிசைனில் கேள்வி வெளியிலிருந்து வரும்: மாத்திரைப் பெட்டியில் உள்ள எழுத்தை எழுபது வயதுக்காரர் மங்கிய வெளிச்சத்தில் தவறில்லாமல் படிக்க வேண்டும், அதற்கு என்ன செய்யலாம்? கலை வரலாற்றில் படைப்பு ஏற்கெனவே கண்முன் இருக்கிறது. யார், யாருக்காக, எந்தப் பொருளில், ஏன் இப்படிச் செய்தார்கள் என்று ஆதாரத்தோடு எழுத வேண்டும். அங்கே பாதி நேரம் வாசிப்பு, மீதி நேரம் எழுத்து.

முடிவெடுக்க அவசரம் இல்லை. பல இடங்களில் முதல் ஆண்டு எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சிதான்: கோட்டோவியம், தட்டை வடிவம், முப்பரிமாண வடிவம், வண்ணம். இந்த ஏற்பாட்டின் வேர் 1919-ல் ஜெர்மனியின் வைமரில் வால்டர் க்ரோபியஸ் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளியில் இருக்கிறது. யோஹானஸ் இட்டன் அங்கே நடத்திய முன்னோடி வகுப்பில், எந்தப் பட்டறைக்குப் போகிறவராக இருந்தாலும் முதலில் பொருள்களின் தன்மையையும் வண்ணத்தையும் பழகியாக வேண்டும். பள்ளி 1933-ல் மூடப்பட்டது. அந்தப் பொது வகுப்பு என்ற யோசனை மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த வருடத்தைச் சும்மா கடந்துபோகாதீர்கள். எந்த வகுப்பில் நேரம் போவதே தெரியவில்லை என்று குறித்து வையுங்கள்.

கேள்வி: மாதிரியைப் பார்த்து மனித உருவம் வரையும்போது, வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் உடம்பு நீண்டு, தலை பெரிதாகத் தெரிகிறது. அளந்துதான் வரைகிறேன். எங்கே தவறு?

பதில்: முதல் சந்தேகம் உங்கள் மேசை மேல்தான். தாளை மேசையில் படுக்க வைத்து வரைகிறீர்களா? அப்படியானால் தாளின் மேல்பகுதி கண்ணிலிருந்து தள்ளி, சாய்ந்து இருக்கிறது. அங்கே வரைவது கண்ணுக்குக் குறுகித் தெரியும். குறுகலாகத் தெரிவதை உங்களை அறியாமலே நீட்டி ஈடுகட்டுகிறீர்கள். பிறகு தாளைச் சுவரில் மாட்டினால், நீட்டிய அளவு அப்படியே தெரிகிறது. தலை மேல்பகுதியில் இருப்பதால் அதுதான் அதிகம் பாதிக்கப்படும். பலகையை ஈசல் எனப்படும் ஓவியத் தாங்கியில் ஏறக்குறைய செங்குத்தாக நிறுத்தி, நின்றபடி, கை நீட்டும் தூரத்தில் இருந்து வரையுங்கள். பாதிப் பிரச்சினை அன்றே தீரும்.

அடுத்தது அளக்கும் முறை. பென்சிலைப் பிடித்து ஒரு கண்ணை மூடி அளக்கும்போது முழங்கை முழுக்க நீட்டியிருக்க வேண்டும். ஒரு தடவை நீட்டி, அடுத்த தடவை கொஞ்சம் மடக்கினால் இரண்டு அளவுக்கும் சம்பந்தமே இருக்காது. தலையின் உயரத்தை அளந்து, அது நின்ற உருவத்தில் எத்தனை தடவை அடங்குகிறது என்று எண்ணுங்கள். பெரியவர்களில் பெரும்பாலும் ஏழு அல்லது ஏழரை வரும். ஆனால் இந்த எண்ணை மனப்பாடமாகத் தாளில் போடக் கூடாது. எதிரே நிற்பவருக்கு என்ன வருகிறதோ அதுதான் அளவு.

மாதிரிக்கு மிக அருகில் உட்காருவதும் கெடுக்கும். இரண்டு மீட்டர் தூரத்தில் இருந்தால் முகத்தை நேராகவும் பாதத்தை மேலிருந்தும் பார்க்கிறீர்கள். ஒரே படத்தில் இரண்டு பார்வை கலந்துவிடும். உருவத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் தள்ளிப் போங்கள்.

முகத்துக்கு ஒரு சோதனை. கண்கள் தலையின் நடுவில் இருக்கின்றன: உச்சந்தலையிலிருந்து கண் வரை உள்ள தூரமும் கண்ணிலிருந்து தாடை வரை உள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்று. ஆரம்பத்தில் வரைபவர்கள் கண்ணை மேலே ஏற்றி, நெற்றியைக் குறைத்து, மண்டையை வெட்டிவிடுவார்கள். முகத்தில் நமக்கு அக்கறை உள்ளதெல்லாம் புருவத்துக்குக் கீழே இருக்கிறது; அதனால் மனம் அதற்கே இடம் ஒதுக்குகிறது.

கேள்வி: வண்ண வகுப்பில் பெயின்ட்டே தொட விடாமல் வாரக்கணக்கில் வண்ணத்தாளை வெட்டி ஒட்டச் சொல்கிறார்கள். இதனால் என்ன பயன்?

பதில்: பெயின்ட் கலந்தால் உங்கள் கவனம் கலவைக்குப் போய்விடும். அதோடு, அதே நிறத்தை இரண்டாம் முறை மிகச் சரியாகக் கலப்பதும் கடினம். தாளில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே தாளிலிருந்து வெட்டிய இரண்டு துண்டும் ஒரே நிறம். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆகவே அவை வேறாகத் தெரிந்தால், காரணம் பக்கத்தில் இருக்கும் நிறமும் உங்கள் கண்ணும்தான். பௌஹௌஸிலும் பிறகு அமெரிக்காவிலும் கற்பித்த யோசஃப் ஆல்பர்ஸ் இந்தப் பயிற்சியை வேரூன்ற வைத்தார்.

இன்றே செய்து பாருங்கள். ஒரு கருப்புத் தாளும் ஒரு வெள்ளைத் தாளும் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டின் நடுவிலும் ஒரே சாம்பல் தாளிலிருந்து வெட்டிய இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தை வையுங்கள். கருப்பின் மேல் உள்ளது வெளிறியும், வெள்ளையின் மேல் உள்ளது அடர்ந்தும் தெரியும். துண்டு பெரிதாகிவிட்டால் விளைவு குறைந்துவிடும். வகுப்பில் பலர் சறுக்கும் இடம் இதுதான்.

இது நடைமுறைப் பிரச்சினையிலிருந்து பிறந்த அறிவு. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கருப்பு நூல் சரியான கருப்பாக இல்லை என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதால் கருப்பு வலுவிழந்து தெரிந்தது. அந்த ஆய்வை அவர் 1839-ல் விரிவாக வெளியிட்டார்.

கேள்வி: என் எண்ணெய் வண்ண ஓவியம் சில மாதங்களிலேயே மெல்லிய வெடிப்பு விட்டிருக்கிறது. அவசரத்துக்கு மேலே அக்ரிலிக் பூசிச் சரிசெய்யலாமா?

பதில்: கூடாது. எண்ணெய்ப் பூச்சின் மேல் அக்ரிலிக் பிடிக்காது. நாளடைவில் தோலாக உரிந்து வரும். அக்ரிலிக் அடியிலும் எண்ணெய் மேலேயும் வரலாம், தலைகீழாக வரவே கூடாது.

வெடிப்புக்கான காரணம் பெரும்பாலும் அடுக்கு வரிசை. எண்ணெய் வண்ணம் தண்ணீர் வண்ணத்தைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. எண்ணெய் அதிகமுள்ள அடுக்கு மெதுவாகக் காயும், வளைந்து கொடுக்கும். டர்பன்டைன் விட்டு நீர்த்த அடுக்கு சீக்கிரம் காயும், விறைப்பாக இருக்கும். கீழே மெதுவானதும் மேலே வேகமானதும் அமைந்துவிட்டால், அடியில் இன்னும் அசைவு இருக்கும்போதே மேல்தோல் இறுகி, கிழிகிறது. ஆகவே முதல் அடுக்கை டர்பன்டைன் விட்டு மெல்லிசாகவும், அடுத்ததை ட்யூபிலிருந்து வந்தபடியும், அதற்கு மேல் வருவதைக் கொஞ்சம் எண்ணெய் சேர்த்தும் பூசுங்கள். ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதைவிடக் கொழுப்பாக, அதாவது எண்ணெய் கூடுதலாக, இருக்க வேண்டும்.

நிறத்துக்கு நிறம் காயும் வேகமும் மாறும். பழுப்பு அம்பரில் உள்ள மாங்கனீசு காய்வதை முடுக்கும். அதனால் அடி அடுக்குக்கு அது நல்ல தோழன். ஐவரி கருப்பும் அலிசரின் சிவப்பும் மிக மெதுவானவை. அவற்றை அடியில் தடிமனாகப் போடாதீர்கள். துத்தநாக வெள்ளை ஆண்டுகள் போகப் போக நொறுங்கும் தன்மை பெறும். அடித்தளத்துக்கு டைட்டானியம் வெள்ளையே மேல்.

இனி கேன்வாஸ். எண்ணெய் நேரடியாகத் துணியில் இறங்கினால் நாளடைவில் நூல் இற்றுப்போகும். அதைத் தடுக்கத்தான் பூச்சு. ஜெஸ்ஸோ எனப்படும் வெள்ளை அக்ரிலிக் அடிப்பூச்சு இரண்டு மூன்று கை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் நைசான உப்புத்தாளால் தேய்த்து, முதல் கை கிடைமட்டமாக, அடுத்தது செங்குத்தாகப் பூசுங்கள். தொட்டால் காய்ந்ததாகத் தெரிவதை நம்பி வார்னிஷ் அடிக்க வேண்டாம். வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

வெடித்த இந்த ஓவியத்தை வைத்துக்கொள்ளுங்கள். எங்கெங்கே வெடித்திருக்கிறது, அங்கே என்ன நிறம், எத்தனை அடுக்கு என்று எழுதி வைத்தால் அடுத்த ஓவியத்துக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

கேள்வி: கரித்துண்டு ஓவியத்துக்கு ஹேர் ஸ்ப்ரே அடிக்கலாம் என்கிறார்களே?

பதில்: பயிற்சித் தாளுக்கு அடிக்கலாம். வைத்திருக்க நினைக்கும் படத்துக்கு வேண்டாம், நாளடைவில் மஞ்சளிக்கும். கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸடிவ் ஸ்ப்ரே வாங்கி, வெளிக்காற்றில், 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, தாளுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுமாறு மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். ஒரே தடவையில் நனைத்தால் சொட்டு விழும், படமும் கருத்துப்போகும்.

கேள்வி: நான் செய்த களிமண் தலை சூளையில் வெடித்துச் சிதறியது, பக்கத்தில் இருந்த நண்பர்களின் வேலையும் உடைந்தது. மண்ணுக்குள் காற்றுக் குமிழி இருந்ததால்தான் என்கிறார்கள். எவ்வளவு பிசைந்தால் குமிழி போகும்?

பதில்: வெடித்தது குமிழியால் அல்ல, ஈரத்தால். இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனென்றால் குமிழியைக் குற்றம் சொல்லிவிட்டு அடுத்த தடவையும் ஈரமாகவே சூளைக்கு அனுப்புகிறார்கள். தண்ணீர் 100 டிகிரியில் நீராவியாகும்போது பல மடங்கு இடம் கேட்கும். தடித்த சுவரின் நடுவில் அது உருவானால், வெளியேற வழியில்லாமல் மண்ணை உடைத்துக்கொண்டு வரும். காய்ந்த மண்ணில் உள்ள குமிழி ஒன்றும் செய்யாது. வெறும் கூடான பானைகூடத்தான் சூளையில் சுடப்படுகிறது. பிசைவது வேறு காரணங்களுக்காக அவசியம்: மண் ஒரே சீராக இருக்கும், கைக்கு அடங்கும்.

தலை போன்ற கனமான உருவத்தை, பதனிட்ட தோல் போல ஓரளவு இறுகியதும் கம்பியால் இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து எடுங்கள். சுவர் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் போதும். மூக்கு, கொண்டை, கழுத்து அடி ஆகிய இடங்களில்தான் தடிமன் ஒளிந்திருக்கும். ஊசியால் குத்திப் பாருங்கள். அறுத்த விளிம்புகளை இரண்டு பக்கமும் கீறி, கூழ்மண் தடவி, அழுத்தி ஒட்டுங்கள். உள்ளே அடைபட்ட காற்று சூடானதும் வெளியேற, கண்ணில் படாத இடத்தில் ஒரு சிறு துளை விடுங்கள். பிறகு பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி ஒன்றிரண்டு வாரம் மெல்லக் காய விடுங்கள். காதும் மூக்கும் முந்திக் காய்ந்து விரிசல் விடும் என்பதால் அவற்றின் மேல் மட்டும் இன்னொரு சுற்று மூடுவது நல்லது.

காய்ந்ததா என்று அறிய, உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் சூளையை 80, 90 டிகிரியில், அதன் காற்றுத் துளை திறந்தபடி, இரவு முழுக்க வைத்திருக்கலாம். அதற்குப் பிறகும் அவசரம் வேண்டாம். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரியும். அந்தக் கட்டத்தைச் சூடேற்றும்போதும் ஆற வைக்கும்போதும் மெதுவாகக் கடக்க வேண்டும். முதல் சூட்டை 950 முதல் 1000 டிகிரிக்குள் முடித்து, கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே சூளையைத் திறங்கள்.

கேள்வி: கலை வரலாற்றுக் கட்டுரையில், 'வர்ணனை மட்டுமே இருக்கிறது, பகுப்பாய்வு இல்லை' என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: 'இடப்பக்கம் ஜன்னல் இருக்கிறது' என்பது வர்ணனை. அந்த ஜன்னல் படத்துக்கு என்ன செய்கிறது என்று சொன்னால் பகுப்பாய்வு. ஒரு படத்தை வைத்தே பார்க்கலாம். வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் உள்ள, டச்சு ஓவியர் வெர்மீரின் படம்: தராசு பிடித்து நிற்கும் பெண், சுமார் 1664, கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரம், 36 அகலம். மேசையில் முத்துகளும் நகைகளும். பின்சுவரில் இறுதித் தீர்ப்பைக் காட்டும் ஓவியம் ஒன்று மாட்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது வர்ணனை. இனி கண்ணைத் தராசுக்குக் கொண்டு போங்கள். படத்தில் ஆழத்தைக் காட்டக் குறுகிச் செல்லும் பார்வைக் கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் புள்ளி, தராசைப் பிடித்திருக்கும் விரல்களுக்கு அருகில் இருக்கிறது. அதாவது அறையின் அமைப்பே நம்மை அந்தக் கைக்கு இழுத்துச் செல்கிறது. பின்சுவர் ஓவியத்தின் சட்டத்தைப் பாருங்கள்: அதன் கீழ் விளிம்பு பெண்ணுக்குப் பின்னால் ஒரு மட்டத்திலும், அவளுக்கு முன்னால், தராசுக்கு மேலே, கொஞ்சம் உயர்ந்தும் இருக்கிறது. நிஜச் சட்டம் அப்படி இருக்காது. தராசைச் சுற்றி வெற்றுச் சுவர் கிடைக்க, ஓவியர் விளிம்பை உயர்த்தியிருக்கிறார். இப்போது தட்டுகள். நெடுங்காலம் அவற்றில் தங்கம் அல்லது முத்து இருப்பதாக எழுதினார்கள். நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது தட்டுகள் காலி என்று தெரிந்தது. பளபளப்பது வெளிச்சம் மட்டும். அவள் பொன்னை நிறுக்கவில்லை. தராசைச் சமன் செய்து நிற்கிறாள். பின்னால் ஆன்மாக்களை எடைபோடும் நாளின் படம். இந்த மூன்றையும் சேர்த்து 'ஆகவே இந்தப் படம்...' என்று தொடங்கும் வாக்கியம்தான் உங்கள் வாதம். அதை முதல் பத்தியிலேயே வையுங்கள்.

எழுதுவதற்கு முன் படத்தின் முன்னால் முப்பது நிமிடம் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் பொருள்களை மட்டும், அடுத்த பத்து நிமிடம் கோடு, வெளிச்சம், இடைவெளியை, கடைசியில் எது பொருந்தவில்லை என்பதைக் குறியுங்கள். நல்ல கட்டுரைகள் பெரும்பாலும் அந்தக் கடைசிக் குறிப்பிலிருந்து கிளம்புகின்றன. அளவு எழுதும்போது உயரம் முதலில், அகலம் பிறகு. கூடவே, அந்தப் பொருள் முதலில் எங்கே, எதற்காக இருந்தது என்று கேளுங்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நிற்கும் சோழர் வெண்கலத்தின் பீடத்தில் துளைகளைக் கண்டால், அவை உற்சவத்தில் கழிகளைச் செருகித் தூக்கிச் செல்வதற்கானவை. பட்டும் பூவும் சாத்தி, அசைவில் பார்க்கப்பட்ட உருவம் அது. அதை மறந்துவிட்டு உடலின் வளைவை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

கேள்வி: தேர்வில் இதுவரை பார்க்காத படத்தைக் காட்டி, காலத்தை ஊகித்துக் காரணம் எழுதச் சொல்கிறார்கள். எப்படித் தயாராவது?

பதில்: ஆண்டுகளை வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட, 'இதற்கு முன்னால் முடியாது' என்ற எல்லைகளைப் பிடியுங்கள். கணக்கிட்ட ஒற்றைப் புள்ளிப் பார்வைக்கோடு இருந்தால் பதினைந்தாம் நூற்றாண்டுக்கு முன்னால் போக வேண்டாம்; ஃப்ளாரன்ஸில் மசாச்சோ வரைந்த திரித்துவச் சுவரோவியம், சுமார் 1427, நல்ல அடையாளக்கல். பிரஷ்யன் நீலம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவானது. உலோக ட்யூபில் அடைத்த வண்ணத்துக்கு 1841-ல் காப்புரிமை பெறப்பட்டது. வெட்டவெளியில் ஒரே அமர்வில் எண்ணெய் வண்ணம் தீட்டும் வழக்கம் அதன்பிறகு எளிதாயிற்று. படங்களை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒற்றையாகப் பார்த்தால் கண்ணில் படாதது, ஜோடியில் உடனே தெரியும்.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருந்த என் போஸ்டர், அச்சில் மங்கி வந்தது. புகைப்படமும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

பதில்: திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சு மை, தாளில் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. மின்னும் பச்சை, கொதிக்கும் ஆரஞ்சு, ஆழ்ந்த நீலம் ஆகியவற்றை நான்கு மைகளால் எட்ட முடியாது. முதல் நாளே கோப்பை சிஎம்ஒய்கே என்ற நான்கு மை அச்சு முறையில் பார்த்து, அதில் எது பிழைக்கிறதோ அந்த நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கட்டம் தெரிவது பிக்சல் போதாததால். ஏ4 முழுப்பக்கத்துக்கு, அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில், 2480-க்கு 3508 பிக்சல் தேவை. 1200 பிக்சல் அகலமுள்ள படம் 10 சென்டிமீட்டருக்குத்தான் தாங்கும். மென்பொருளில் எண்ணை மட்டும் 300 என்று மாற்றுவதால் இல்லாத விவரம் வந்துவிடாது. சிறிய கருப்பு எழுத்தைக் கருப்பு மையில் மட்டும் வையுங்கள். நான்கு மையும் சேர்த்தால், தாள் இம்மி விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும். வெட்டும் ஓரத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நிறத்தை நீட்டிவிடுங்கள். தமிழ் எழுத்தாக இருந்தால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்குக் கொடுப்பதைவிடத் தாராளமாகக் கொடுங்கள். 'கீ'யின் மேல்சுழியும் 'மூ'வின் கீழ்வளைவும் அடுத்த வரியோடு முட்டிக்கொண்டால், எவ்வளவு அழகான எழுத்துருவும் அடைசலாகிவிடும்.

கேள்வி: விமர்சன வகுப்பில் எல்லோரும் என் வேலையைப் பற்றிப் பேசும்போது பதில் சொல்லிச் சொல்லியே நேரம் போகிறது. கடைசியில் ஒன்றும் மனதில் நிற்பதில்லை.

பதில்: முதல் ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். பார்ப்பவர்கள் என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்லட்டும். அதை ஒருவர் உங்களுக்காக எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் நினைத்ததற்கும் அவர்கள் கண்டதற்கும் இடைவெளி எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அடுத்த வாரத்துக்கான வேலை இருக்கிறது. 'பிடிக்கவில்லை' என்றால், எந்த இடம் என்று கேளுங்கள். 'இடது மூலை கனத்து, கண் அங்கேயே நின்றுவிடுகிறது' என்று பதில் வந்தால் அதை வைத்து வேலை செய்யலாம்.

கேள்வி: எண்ணெய் வண்ணம் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போட்டு வைக்கிறோம். வாடையைத் தவிர வேறு கெடுதல் உண்டா?

பதில்: உண்டு, தானாகத் தீப்பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவருகிறது. விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும். கசக்கிய குவியலில் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், சில மணி நேரத்தில் நெருப்பாகலாம். இரவில், ஆளில்லாத அறையில் நடப்பதால் இன்னும் ஆபத்து. துணிகளைத் தனித்தனியாக விரித்துத் தொங்கவிட்டு விறைப்பாகும் வரை காய விடுங்கள். அல்லது மூடியுள்ள உலோகத் தொட்டியில், தண்ணீரில் அமிழ்த்தி மூடுங்கள். இன்று ஏதாவது குவியல் கிடந்தால், இந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் முதலில் அதைப் பிரித்து விரியுங்கள்.